பாறை ஏற பழைய கயிறு, ஹார்னெஸ், ஷூ: பாதி விலைக்கு வாங்கலாமா?

கேள்வி, 6 அக்டோபர் 2024

அக்கா, எனக்கு 24 வயது, பெங்களூரில் வேலை. ஆறு மாதமாக உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகுகிறேன். டிசம்பரில் நாலு பேர் சேர்ந்து பாறை ஏற, கர்நாடகாவில் இருக்கும் பாதாமி போகிறோம். கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார். 60 மீட்டர் கயிறு, ஹார்னெஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), பத்து குவிக்டிரா (கயிற்றைப் பாறையிலுள்ள போல்ட்டில் மாட்டும் கொக்கியும் நாடாவும்), ஷூ, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். புதிதாக வாங்கினால் கயிறுக்கே அதைவிட அதிகம் ஆகும். பார்க்கவும் புதுசு மாதிரிதான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில், 6 அக்டோபர் 2024, இரவு

ஷூ காலுக்குப் பொருந்தினால் வாங்குங்கள். குவிக்டிராவில் இரண்டு பக்கமும் இருக்கும் உலோகக் கொக்கிகளை, அதாவது காரபைனர்களை, வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள நாடாவை மட்டும் மாற்றிவிடலாம். உலோகம் சீக்கிரம் கெடாது. கயிறு, ஹார்னெஸ், ஹெல்மெட் மூன்றும் வேண்டாம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தம்பி, இந்த மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

7 அக்டோபர் 2024

"புதுசு மாதிரி இருக்கிறதே, அப்புறம் என்ன" என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். சரி, விளக்கமாகவே சொல்கிறேன்.

நாம் ஏறும் கயிற்றில் இரண்டு பகுதி. வெளியே தெரிவது பின்னிய உறை. உள்ளே முறுக்கிய நைலான் திரிகள். 1953இல் எடெல்ரிட் நிறுவனம் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது, இன்றுவரை எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது உள்ளே இருக்கும் திரி. நீங்கள் பார்த்து "புதுசு" என்று சொன்னது உறையை.

கயிற்றை முனையிலிருந்து முனைவரை விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 60 மீட்டருக்கு ஒரு கால்மணி நேரம் ஆகும். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. எங்காவது திடீரென்று மெலிந்தோ, பஞ்சு மாதிரியோ, கட்டியாகவோ பட்டால் அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்தை U மாதிரி வளைத்துக் கிள்ளுங்கள். நல்ல கயிறு ஒரு சிறு வளையமாக நிற்கும். உள்ளே அடிபட்ட கயிறு காகிதம் மடிவது போல் தட்டையாக மடிந்துவிடும். இந்தச் சோதனையில் தோற்ற கயிற்றை யாரும் தொடக்கூடாது. ஆனால் தேறிய கயிற்றைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. அதனால்தான் கயிற்றின் கதை வேண்டும் என்கிறேன். எந்த வருடம் வாங்கியது, யார் யார் பயன்படுத்தினார்கள், எங்கே வைத்திருந்தார்கள், பெரிதாக எத்தனை முறை விழுந்தார்கள்? நண்பரிடம் இந்த நாலையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

9 அக்டோபர் 2024

எங்கே வைத்திருந்தார்கள் என்பதை ஏன் கேட்டேன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது என் வீட்டில் நடந்தது.

2015இல் வாடகை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடம். கயிற்றுப் பையை அங்கேதான் வைப்பேன். பையை ஒட்டி இன்வெர்ட்டர் பேட்டரி. எட்டு மாதம் அப்படியே இருந்தது. ஒரு நாள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர் மூடியைத் திறந்தபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது. கந்தக அமிலம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது அமிலத் துளிகள் ஆவியோடு கலந்து வெளியே வரும். நைலானுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. வெயில் வெளுக்க வைக்கும், பாறை உரசி நார் எழுப்பும், இரண்டும் கண்ணுக்குத் தெரியும். அமிலம் பட்ட நைலானோ நிறம்கூட மாறாமல் வலுவை இழக்கும்.

என் கயிற்றை விரலில் ஓட்டினேன், வளைத்தேன், கிள்ளினேன். ஒரு குறையும் தெரியவில்லை. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, நல்ல கயிற்றை எதுக்கு வெட்டுறே என்று திட்டினார். அதில் ஒரு துண்டு இன்னும் சேலத்தில் துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது.

கார் டிக்கி, ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி, இன்வெர்ட்டர் அலமாரி. இந்த மூன்றிலும் கயிறோ ஹார்னெஸோ வைக்காதீர்கள்.

10 அக்டோபர் 2024

நண்பர் சொன்ன பதிலைப் போட்டிருக்கிறீர்கள். 2014இல் வாங்கியது, நாலைந்து முறைதான் ஏறினோம், ஒரு முறை காரின் மேல் சாமான் கட்டினோம். உண்மையை மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தொடவே இல்லை என்றாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள். இதற்கு வயது முடிந்துவிட்டது. பேச்சு முடிந்தது.

13 அக்டோபர் 2024

"அப்படியானால் இணையத்தில் 10 மில்லிமீட்டர் மலையேறும் கயிறு 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்று கேட்டு ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். படத்தில் ஒருவர் பனிமலையில் தொங்குகிறார். படத்தை நம்பாதீர்கள். அதே மாதிரி ஒன்றை, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன வருடம் வாங்கி வந்தாள். ஆரஞ்சு நிறம், வழவழவென்று இருந்தது. இரண்டு முனையிலும் ஒரு பட்டையும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.

முனையிலிருந்து ஒரு சாண் வெட்டி எடுத்தோம். திரியைப் பிரித்து, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் போக நீருக்குள்ளேயே நன்றாகக் கசக்கிவிட்டு விட்டோம். மேலே வந்து மிதந்தது. கையால் அழுத்தி அடியில் வைத்தாலும் விட்டவுடன் மேலே வந்தது. பக்கத்தில் என் பழைய கயிற்றின் திரியைப் போட்டேன். நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நைலான் தண்ணீரைவிடக் கனம், மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். மூட்டை கட்டவும் படகு கட்டவும் விற்கும் கயிறு அது. உருகும் வெப்பமும் குறைவு, விழுகிறவரைத் தாங்கச் செய்ததும் இல்லை. அந்தப் பெண் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த ஞாயிறு அந்தக் கயிற்றில் ஏறுவதாக இருந்தாள்.

14 அக்டோபர் 2024

நேற்று எழுதியதை இன்று படித்தபோது பயமாக இருந்தது. மூழ்கினால் நல்ல கயிறு என்று யாராவது எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பாலியெஸ்டரும் மூழ்கும். மூழ்கும் நைலானிலும் இரண்டு வகை இருக்கிறது, அதில் ஒன்றுதான் உங்களுக்கு ஆகும்.

நீளும் கயிறு, நீளாத கயிறு. டைனமிக், ஸ்டாடிக் என்று கடையில் சொல்வார்கள். டைனமிக் கயிற்றின் முனைப் பட்டையில் EN 892 என்ற தர எண் இருக்கும், ஒற்றையாகப் பயன்படுத்தும் கயிறு என்றால் வட்டத்துக்குள் 1 இருக்கும். ஸ்டாடிக் கயிற்றுக்கு எண் 1891. மீட்புப் பணிக்கும் உயரமான கட்டடங்களில் தொங்கி வேலை செய்வதற்கும் அது அருமையான கயிறு. ஆனால் லீட் ஏறுகிறவர் (கயிற்றைத் தன்னோடு மேலே கொண்டுபோய், வழியில் மாட்டிக்கொண்டே ஏறுகிறவர்) அதில் கட்டிக்கொண்டு விழுந்தால், விழுந்த வேகம் முழுவதும் இடுப்புக்கும் போல்ட்டுக்கும் ஒரே வெட்டாக வந்து சேரும். டைனமிக் கயிறு முதல் சோதனை விழுகையில் 40 சதவீதம் வரை நீளலாம் என்று தர விதியே இடம் கொடுக்கிறது. உங்களைப் பிடித்து மெதுவாக நிறுத்துவது அந்த நீட்சிதான்.

இன்னொன்று. விழும் தூரத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். விழுந்த தூரத்தை, வெளியே விட்டிருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும். 20 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது 4 மீட்டர் விழுந்தால் 0.2. தரைக்கு மேல் ஒரு திட்டில் நின்று பிலே கொடுப்பவரிடமிருந்து (ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவரிடமிருந்து) 4 மீட்டர் மட்டும் வந்துவிட்டு 4 மீட்டர் விழுந்தால் 1. அடி ஐந்து மடங்கு என்று கணக்குப் போடாதீர்கள், ஆனால் கயிற்றுக்கு இரண்டாவதுதான் பெரிய வேலை.

20 அக்டோபர் 2024

கோவை நண்பர் கேட்டது நல்ல கேள்வி. அட்டையில் "8 விழுகை" என்று போட்டிருக்கிறதே, எட்டு முறை விழுந்ததும் தூக்கி எறிய வேண்டுமா?

இல்லை. சோதனைக்கூடத்தில் 80 கிலோ இரும்பு எடையைக் கட்டி, போன பதிவில் வகுத்துப் பார்த்தோமே, அந்த விகிதம் சுமார் 1.77 வரும்படி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கயிற்றின் அதே இடத்தில் விழவைப்பார்கள். ஐந்து முறையாவது அறுபடாமல் தாங்க வேண்டும், முதல் முறையில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது கிட்டத்தட்ட 1,200 கிலோ பாரத்துக்குச் சமம். பாறையில் நாம் சாதாரணமாக விழுவது இதில் சிறு பங்கு. நம் உடம்பும் இரும்பு மாதிரி விறைப்பாக இராது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தச் சோதனையில் கயிறு உரசுகிற விளிம்பு, 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வழவழப்பாக உருட்டப்பட்ட உலோகம். பாறையின் விளிம்பு அப்படியா இருக்கிறது?

இதற்காக உயிரே போன கதை ஒன்று உண்டு. ஜனவரி 1955, ஜப்பானில் மேஹோதகா மலை. புதிய 8 மில்லிமீட்டர் நைலான் கயிறு. ஏறியவர் வழுக்கியது அரை மீட்டர் அளவுதான். பாறை விளிம்பில் கயிறு அறுந்தது, அவர் இறந்தார். நைலான் சணலைவிடப் பல மடங்கு உறுதி என்று எல்லாரும் நம்பியிருந்த காலம், அதனால் பழி ஏறியவர்கள் மேல் விழுந்தது. அதே வருடம் ஏப்ரலில் பொதுமக்கள் முன்னால் சோதனை செய்துகாட்டினார்கள், கயிறு அறுபடவில்லை. அந்தச் சோதனையில் வைத்த விளிம்பு முன்கூட்டியே மழுக்கப்பட்டிருந்தது. இறந்தவரின் அண்ணன் இஷியோகா ஷிகேயோ விடவில்லை. இருபது வருடம் போராடினார். 1975இல் ஜப்பான் அரசு ஏறு கயிறுகளுக்குப் பாதுகாப்புத் தரம் கொண்டுவந்தது.

எந்தப் பொருளின் சோதனை எண்ணைப் பார்த்தாலும், எந்த விளிம்பில் வைத்துச் சோதித்தார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டேன், பதில் தாமதம். ஹார்னெஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பழையது. முன்னால் தொங்கும் பிலே வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அக்டோபர் 2006இல், அமெரிக்காவின் யோசெமிட்டியில், டாட் ஸ்கின்னர் என்ற பெரிய ஏறுநர் கயிற்றில் இறங்கும்போது அந்த வளையம் தேய்ந்து அறுந்துதான் இறந்தார். தேய்ந்திருப்பது தெரிந்து, புதிய ஹார்னெஸுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். எத்தனையோ கடினமான பாறைகளில் ஏறியவர். புதியது வரட்டும், அதுவரை ஓட்டலாம் என்று நானும்தான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

தையல் நூலுக்கு நாடாவின் நிறம் இல்லாமல் வேறு நிறம் கொடுத்திருப்பார்கள், நூல் அறுந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக. அதைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் நாடா வெளுத்து, தொட்டால் மொடமொடவென்று இருந்தால் வேண்டாம்.

புதியது வாங்கும்போது, கடையில் தொங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நின்றுகொண்டு மாட்டினால் எல்லா ஹார்னெஸும் நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் தொங்குங்கள். தொடை மரத்துப்போகிறதா, விலா எலும்பில் குத்துகிறதா, பின்னால் சாயும்போது தலை கீழே போகிறதா? இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு இரண்டு கையாலும் கீழே இழுங்கள். இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கினால் அளவு பெரிது.

3 நவம்பர் 2024

சைக்கிள் ஹெல்மெட் போதுமா? போதாது. சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிப்பது, தலை சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து தரையில் மோதுவதாக வைத்து. ஏறும் ஹெல்மெட்டை, 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து உச்சந்தலையில் போட்டுச் சோதிப்பார்கள். அது கீழே விழுகிறவருக்கு, இது மேலிருந்து கல் விழுகிறவருக்கு. சைக்கிள் ஹெல்மெட்டின் காற்றுத் துளையில் நெல்லிக்காய் அளவு கல் நேராக நுழையும். நந்தி மலையில் மலை சைக்கிள் ஓட்டும் என் தங்கை என் ஹெல்மெட்டைக் கேட்டபோதும் இதே காரணத்தால்தான் தரவில்லை.

10 நவம்பர் 2024

ஷூவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நாம் செருப்பிலேயே வளர்ந்தவர்கள். கால் விரல்கள் விரிந்து, பாதத்தின் முன்பகுதி அகலமாக இருக்கும். பல ஷூக்கள் குறுகிய பாதத்தை மனதில் வைத்துச் செய்தவை. அதனால் "உங்கள் சாதாரண அளவிலிருந்து இரண்டு குறைத்து வாங்குங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டு என் முதல் ஷூவை வாங்கினேன், இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து விழுந்தன. முதல் ஷூவுக்கு விரல் நுனி முன்னால் தொட வேண்டும், லேசாக மடங்கலாம், குதிகாலில் காலி இடம் இருக்கக் கூடாது. வலி வேண்டாம். உள்ளே துணி வைக்காத தோல் ஷூ பழகப் பழக விரியும். செயற்கைத் தோல் அவ்வளவாக விரியாது. சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

சோதிப்பது எப்படி? கடையில் ஒரு சின்ன மரக்கட்டையின் விளிம்பில் பெருவிரல் பக்கத்தை மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டு நில்லுங்கள். ஷூவுக்குள் கால் சுழன்றால் அது உங்கள் ஷூ இல்லை. அதையே ஒரு சாய்ந்த பலகையில் உள்ளங்காலைப் பதித்துச் செய்யுங்கள். விளிம்பில் நன்றாக நிற்கும் விறைப்பான ஷூ, சாய்வில் உங்களுக்குப் பாறையை உணர்த்தாது. சாவன்துர்காவின் பெரிய சாய்வுப் பாறையில் பிடிக்க ஒன்றுமே இருக்காது, உராய்வை நம்பிக் காலை வைத்து நடப்பதுதான். அங்கே மெல்லிய, வளைகிற அடிப்பகுதிதான் எனக்கு உதவியது. பாதாமியின் மணற்கல்லில் சின்ன விளிம்புகளும் கூர்மையான பிடிகளும் இருக்கும், அங்கே கொஞ்சம் விறைப்பானதைப் போடுவேன்.

நண்பரின் பழைய ஷூ: அடி ரப்பர் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றி ஒட்டலாம். அதற்கு மேலே விரலைச் சுற்றி ஏறும் பக்க ரப்பரில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

24 நவம்பர் 2024

ஒரு திருத்தம். முதல் நாள் "உலோகம் சீக்கிரம் கெடாது" என்று எழுதினேன். இது தவறான அறிவுரை. வாசகர் ஒருவர் போட்ட படத்தைப் பார்த்ததும் உறைத்தது. கயிறு ஓடி ஓடி, அலுமினியக் காரபைனரின் அடியில் ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரம் கத்தி மாதிரி. மணல் ஏறிய கயிறு அரம் போலவே வேலை செய்யும். தரையிலிருந்து முதல் குவிக்டிராவில் கயிறு அதிகம் மடங்குவதால் அங்கேதான் தேய்மானமும் அதிகம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நகம் ஓரத்தில் மாட்டினால் அதை ஒதுக்குங்கள்.

நாடாவை நீங்களே மாற்றப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. நாடாவின் ஒரு முனையில் காரபைனர் ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் துண்டு வரும். 2013 ஜூலையில் பிரான்சில் 12 வயது இத்தாலியச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் ஏறிய குவிக்டிராக்களைத் தவறாகக் கோத்திருந்தார்கள். காரபைனர் நாடாவின் வளையத்துக்குள் போகாமல் ரப்பருக்குள் மட்டும் போயிருந்தது. பார்ப்பதற்குச் சரியாகவே தெரியும். பாரம் ஏறியதும் ரப்பர் அறுந்தது. கோத்து முடித்ததும் ரப்பரைக் கழற்றி, நாடா மட்டும் காரபைனரைப் பிடித்திருக்கிறதா என்று பத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு வேறொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

8 டிசம்பர் 2024

குல்மார்க்கில் ஸ்கீயிங் போகிறவர் இங்கே கேட்டிருக்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகைப் பூட்ஸில் உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் முன்னால் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டு) சரிபார்ப்பவர் உயரம், எடை, வயது, எவ்வளவு பழக்கம் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாதபோது கழன்றுவிடும், பழக்கத்தைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகும்.

29 டிசம்பர் 2024

பாதாமியிலிருந்து எழுதுகிறேன். காலை ஏழு மணிக்குப் பாறை சில்லென்று இருக்கும், பத்தரைக்கு மேல் வெயில் பட்ட பக்கத்தில் ரப்பர் வழுக்க ஆரம்பிக்கும். மத்தியானம் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய்.

என் கயிற்றின் முனையில், எப்போதும் முடிச்சு விழும் இடத்தில், உறை நார் நாராக எழும்பிவிட்டது. இரண்டு மீட்டர் வெட்டி எடுத்தேன். கத்தியால் உறையை நீளவாக்கில் பிளந்தபோது உள்ளே திரிகள் வெள்ளையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். உறையை ஒட்டிய திரிகள் வெளிர் செம்மண் நிறத்தில் இருந்தன. விரலால் தேய்த்தேன், மாவு மாதிரி சிவப்புத் தூள் ஒட்டியது. நடுத்திரி மட்டும் வெள்ளை. கயிற்றை நான் ஒரு முறைகூடத் தரையில் போட்டதில்லை என்று நினைத்திருந்தேன். கீழே விரிக்கும் துணியை மடித்து எடுத்துப்போகும்போது, மண் பட்ட பக்கத்தை உள்ளே வைத்து மடித்திருக்கிறேன். இத்தனை வருடமாக.

இனி துணியின் ஒரு பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டுவைக்கப் போகிறேன். அந்தப் பக்கம் மண்ணுக்கு.

19 ஜனவரி 2025

தம்பி புதிய கயிறு வாங்கிவிட்டார். 9.8 மில்லிமீட்டர், 60 மீட்டர், முனைப் பட்டையில் எண்ணும் வட்டத்துக்குள் ஒன்றும் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. நண்பரிடம் ஷூவையும் எட்டு குவிக்டிராவையும் மட்டும் எடுத்திருக்கிறார், இரண்டில் பள்ளம் இருந்ததாம். பொங்கல் விடுமுறையில் ராமநகரம் போய் ஏறியும் வந்துவிட்டார்.

ஒரு கேள்வி மிச்சம் வைத்திருந்தார்: 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர் பாதையில் ஏறி இறங்கலாமா? கயிறு மேலே போய்த் திரும்பி வர வேண்டும், அதனால் 30 மீட்டருக்கு 60 என்று கணக்குப் போடுகிறார். புதிய கயிறு என்றாலும் அந்தக் கணக்கில் போகாதீர்கள். என் கயிற்றை நேற்று மொட்டை மாடியில் நீட்டி டேப் வைத்து அளந்தேன். வாங்கியபோது 60, பாதாமியில் வெட்டியது 2, மிச்சம் 58 இருக்க வேண்டும். 55 மீட்டர்தான் இருக்கிறது. நனைந்து காய்ந்து, துவைத்து, சுருங்கியிருக்கிறது. நடுவில் இருக்கும் கறுப்புக் குறியும் இப்போது நடுவில் இல்லை. உங்களுடையதை இப்போதே அளந்து பையில் எழுதி வையுங்கள். ஏறும் முன் மறு முனையில் ஒரு முடிச்சு.